தோட்டத்துத் தாத்தாவைக் கோயில் பதிவேட்டில் தேடுவது எப்படி? பினாங்குக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் இருக்கும் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றில் சொந்த ஊர் எது என்று கேட்டால் “நாகப்பட்டினம் பக்கம்” என்பார்கள். பெரும்பாலும் அது கப்பல் ஏறிய ஊர்தான். பிறந்த ஊர் வேறாக இருக்கும். கரும்புத் தோட்டத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் கூலி வேலைக்கு வந்தவர்களின் ஊரைக் கண்டுபிடிக்கப் பங்குக் கோயில் (ஒரு வட்டாரத்துக் கத்தோலிக்கர்களுக்கான தலைமைக் கோயில்) பதிவேடுகளைவிட நல்ல வழி இல்லை என்பது என் உறுதியான எண்ணம். தேடத் தொடங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

கூலி வேலை பார்த்தவர்களின் பெயரெல்லாமா எழுதி வைத்திருப்பார்கள்?

எழுதி வைத்திருக்கிறார்கள். பத்திரத்தில் பெயர் ஏற நிலம் வேண்டும். கோயில் புத்தகத்தில் ஏற ஞானஸ்நானம் போதும். தோட்ட ஆபீஸ் செக்ரோலில் (ஆள் வரவும் கூலியும் எழுதும் ஏட்டில்) உங்கள் தாத்தா ஒரு நம்பர், அன்றைய கூலி, அவ்வளவுதான். கோயில் புத்தகத்தில் அவருக்கு அப்பா உண்டு, அம்மா உண்டு, ஞானத்தந்தை ஞானத்தாய் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத மனிதரின் தாயார் பெயரை வேறு எந்தக் காகிதமும் அக்கறையாக எழுதி வைக்கவில்லை.

பிஜிக்கும் நேட்டாலுக்கும் போனவர்களுக்கு ஆளுக்கொரு பதிவு இருக்கிறது. ஊர், தாலுகா, வயது எல்லாம் அதில் கிடைக்கும். மலாயாவுக்கு வந்தவர்களுக்கு அப்படி முழுமையான பட்டியல் கிடையாது. அதனால்தான் நமக்குக் கோயில் பதிவேடு இவ்வளவு முக்கியமாகிறது.

எதிலிருந்து தொடங்குவது?

வீட்டிலிருந்து. உயிரோடு இருக்கும் மூத்தவர்களிடம் இந்த வாரமே போய்ப் பேசுங்கள். கோயில் புத்தகம் அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும். “சொந்த ஊர் எது?” என்று நேராகக் கேட்டால் தெரியாது என்பார்கள். “எந்தக் கங்காணி லயத்தில் (தோட்டத்துத் தொடர்வீட்டில்) இருந்தீர்கள்? ஊர்த் திருவிழா எந்தப் புனிதருக்கு? ஊரிலிருந்து கடிதம் எழுதியது யார்? அத்தை முறைக்காரர்கள் எந்தத் தோட்டத்தில் இருந்தார்கள்?” என்று கேளுங்கள். திருவிழா நினைவு பெரிய துப்பு. சவேரியார் திருவிழா என்றால் டிசம்பர், அந்தோணியார் என்றால் ஜூன், சந்தியாகப்பர் என்றால் ஜூலை. பின்னால் ஊர்ப் பெயர் பாதி மட்டும் கிடைக்கும்போது, ஒரே பெயருள்ள மூன்று ஊர்களில் எது நம்முடையது என்று அந்தத் திருவிழாவே காட்டிக்கொடுக்கும்.

அப்புறம் பழைய சூராட் பெரானாக் (பிறப்புப் பத்திரம்), அடையாள அட்டை, ஜெபப் புத்தகத்தின் உள் அட்டை, கல்யாண அழைப்பிதழ், கல்லறைச் சிலுவையில் இருக்கும் எழுத்து. அடையாள அட்டைப் பதிவு மலாயாவில் 1948-ல் தொடங்கியது. பிறந்த இடம் என்று அப்போது சொன்னதைப் பிற்காலத்து அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

எந்தக் கோயிலில் தேட வேண்டும்? எங்கள் தோட்டத்துச் சிற்றாலயமே இப்போது இல்லையே.

தோட்டத்துச் சிற்றாலயத்தில் பதிவேடு இருந்திருக்காது. சாமியார் (பாதிரியார்) மாதம் ஒரு தடவையோ இரண்டு தடவையோ வந்து பூசை வைத்து, பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்துவிட்டுப் போவார். எழுதுவது அவருடைய தலைமைக் கோயில் புத்தகத்தில். ஆகவே தோட்டம் அழிந்து வீடமைப்புப் பகுதியாகியிருந்தாலும் பதிவு அழிந்ததாக அர்த்தம் இல்லை. அந்தக் காலத்தில் அந்தத் தோட்டத்துக்கு எந்தக் கோயிலிலிருந்து சாமியார் வந்தார் என்பதே முதலில் தெரிய வேண்டியது.

செபராங் பிறையின் நடுப்பகுதித் தோட்டங்களுக்கு முதலில் பார்க்க வேண்டியது புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயம். அங்கே மிஷன் 1846-ல் தொடங்கியது. தீவில் இருந்தவர்களுக்குப் பினாங்கு ரோட்டில் இருக்கும் புனித சவேரியார் ஆலயம். தமிழர்களுக்கென்றே வளர்ந்த கோயில் அது. அங்கே கிடைக்காவிட்டால் ஃபார்குவார் தெருவின் அசம்ப்ஷன் ஆலயத்தையும் புலாவ் திக்குஸ் ஆலயத்தையும் பாருங்கள்.

நிபோங் திபால், ஜாவி, சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டக் குடும்பங்கள் கிரியான் ஆற்றைத் தாண்டியும் தேட வேண்டும். பாகான் செராயில் பாரிஸ் அந்நிய மிஷன் சபையின் ரெனே ஃபே சாமியார் 1880-களில் தமிழ்க் கத்தோலிக்கர்களைக் குடியேற்றி ஒரு விவசாய ஊரையே உருவாக்கினார். பின்னால் அவர் மலாக்கா மறைமாவட்டத்தின் (ஓர் ஆயருக்குக் கீழ் வரும் பகுதி) ஆயரானார். அங்கே நெல் வயலில் இருந்த குடும்பமும் ஆற்றுக்கு இந்தப் பக்கம் தோட்டத்தில் இருந்த குடும்பமும் பெண் கொடுத்துப் பெண் எடுத்திருக்கும். பாகான் செராய் பேராக் மாநிலத்தில் இருந்தாலும் பினாங்கு மறைமாவட்டத்தைச் சேர்ந்தது.

நிர்வாக வரலாறும் கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. 1888-லிருந்து பினாங்கு, மலாக்கா மறைமாவட்டத்துக்குள் இருந்தது. ஆயர் இருந்ததோ சிங்கப்பூரில். பினாங்கு தனி மறைமாவட்டமானது 1955-ல். 1918-ல் நடைமுறைக்கு வந்த திருச்சபைச் சட்டம், ஒவ்வொரு பங்கும் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், மரணம் என்று தனித்தனிப் புத்தகம் வைத்து, வருடா வருடம் ஒரு படியை ஆயர் அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டும் என்றது. பங்கில் கறையான் அரித்த புத்தகத்துக்கு வேறு எங்காவது படி இருக்கலாம் என்பதால், ‘அழிந்துவிட்டது’ என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள்.

பதிவெல்லாம் லத்தீனில் இருக்கிறதாமே?

ஆமாம், ஆனால் பயப்பட வேண்டாம். ஒரே வாக்கியம்தான் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு வரும்: இந்தத் தேதியில், இந்தத் தேதியில் பிறந்த, இன்னாருக்கும் இன்னாருக்கும் முறைப்படி பிறந்த இந்தப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன், ஞானப்பெற்றோர் இவர்கள். ஒரு பக்கம் படித்தால் அடுத்த பக்கம் தானாக வரும்.

சில சொற்களை மட்டும் மனதில் வையுங்கள். ‘ஓரியுந்துஸ்’ என்று கண்டால் நின்று பாருங்கள், அதற்குப் பின்னால் வருவது சொந்த ஊர். ‘அதுல்துஸ்’ என்றால் பெரியவராகி ஞானஸ்நானம் பெற்றவர். ‘விதுவா’ கைம்பெண். ‘பெரிகுலோ மோர்ட்டிஸ்’ என்றால் சாகும் தறுவாயில், பெரும்பாலும் உபதேசியார் (சாமியாருக்கு உதவியாக வேதம் கற்பிப்பவர்) கையால், ஞானஸ்நானம் பெற்ற குழந்தை. தோட்டப் பக்கங்களில் இது எத்தனை முறை வருகிறது என்று பார்க்கும்போது மனது கனத்துப் போகும்.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. மாதத்தை 7, 8, 9, 10 என்று எண் போட்டு, பக்கத்தில் ‘பெர்’ அல்லது ‘பிரிஸ்’ என்று எழுதியிருந்தால் அது ஜூலையோ ஆகஸ்டோ அல்ல. முறையே செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர்.

தாத்தா பெயர் சூசை. புத்தகத்தில் சூசை என்று யாருமே இல்லையே?

ஜோசஃப் என்று இருப்பார். சாமியார் புனிதரின் லத்தீன் பெயரைப் போடுவார், ஜனங்கள் தமிழ்ப் பெயரில் கூப்பிடுவார்கள். அருளப்பன் யோவான்னஸ் ஆகியிருப்பார்; இராயப்பன் பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், யாகப்பன் யாக்கோபுஸ். ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ் என்றும், முடியப்பன் ஸ்தெஃபானுஸ் என்றும், தேவசகாயம் லாசருஸ் என்றும் இருக்கும். சவரிமுத்துவும் சவேரியம்மாளும் சவேரியாரின் பெயரில்; இன்னாசி இக்னாசியுஸ். ஆரோக்கியம், அடைக்கலம், லூர்து என்பவை மாதா பெயர்கள். மரியா என்று மட்டும் எழுதி விட்டுவிட்டதும் உண்டு.

எழுதியவர் பிரெஞ்சுக்காரராக இருந்தால் ‘உ’ ஒலிக்கு ஓ, யூ என்ற இரண்டு எழுத்தையும் சேர்த்துப் போடுவார். முத்து என்பதில் ஐந்து எழுத்துக்குப் பதில் ஏழு எழுத்து நிற்கும். ஊர்ப் பெயரும் அப்படித்தான். பார்த்துப் படிப்பதைவிட வாய்விட்டுப் படியுங்கள்; காதுக்குப் பிடிபட்டுவிடும்.

எல்லாம் கிடைத்தது. ஆனால் ஊர் என்ற இடத்தில் ‘மதராஸ்’ என்றோ ‘இந்தியா’ என்றோதான் இருக்கிறது. இனி என்ன செய்வது?

பெரும்பாலான தேடல் இங்கேதான் நின்றுபோகிறது. நிற்க வேண்டியதில்லை. உங்கள் தாத்தாவை விட்டுவிட்டு, அவர் பக்கத்தில் இருந்தவர்களைத் தேடுங்கள்.

கங்காணி எப்படி ஆள் சேர்த்தார் என்று யோசித்துப் பாருங்கள். தோட்டத்தில் வேலை பார்த்த ஒருவரைத் துரை அவருடைய சொந்த ஊருக்கே அனுப்புவார். அவர் தன் பங்காளி, மாமன் மச்சான், பக்கத்துத் தெரு, அடுத்த ஊர் என்று ஆள் திரட்டிக்கொண்டு ஆவடி அல்லது நாகப்பட்டினம் முகாம் வழியாக வருவார். அந்தக் கூட்டம் ஒரே லயத்தில் இருக்கும், ஒரே பெரட்டில் (காலையில் பெயர் கூப்பிடும் வரிசையில்) நிற்கும். பிள்ளை பிறந்தால் ஞானத்தந்தை அந்தக் கூட்டத்திலிருந்துதான் வருவார். கல்யாணத்துக்குச் சாட்சியும் அங்கிருந்துதான். அதனால் உங்கள் தாத்தாவின் வரியில் விட்டுப்போன ஊர்ப் பெயர், அவர் பிள்ளைக்கு ஞானத்தந்தையாக நின்றவரின் கல்யாணப் பதிவில் இருக்கலாம்.

செய்ய வேண்டியது இதுதான். தாத்தாவின் பதிவுக்கு ஐந்து வருடம் முன்னும் ஐந்து வருடம் பின்னும் அதே தோட்டத்தின் பெயர் வரும் எல்லா வரிகளையும் எழுதி எடுங்கள். பிள்ளை, பெற்றோர், ஞானப்பெற்றோர், சாட்சிகள், ஊர். உங்களுக்குச் சம்பந்தமில்லை என்று தோன்றும் வரிகளையும் விடாதீர்கள். எழுதி முடித்தால், அந்தத் தோட்டத்தில் இரண்டு மூன்று ஊர்க் கூட்டங்கள் இருப்பதும், உங்கள் குடும்பம் எந்தக் கூட்டத்தோடு கொண்டு கொடுத்து வாழ்ந்தது என்பதும் தெரிந்துவிடும். ஒரே ஆள் நாலைந்து குடும்பங்களுக்கு ஞானத்தந்தையாக வந்தால் அவர் கங்காணியாகவோ உபதேசியாராகவோ இருக்க வாய்ப்பு அதிகம். அவருடைய ஊரைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது.

மரணப் பதிவையும் இதே மாதிரி பாருங்கள். இளவயதில் தோட்டத்தில் இறந்த தனியாட்களுக்கு ஊர்ப் பெயர் எழுதப்பட்டிருப்பதுண்டு. சொந்தக்காரர் யாரும் அருகில் இல்லாதபோது சாமியார் விசாரித்து எழுதுவார்.

திருமணப் பதிவில் ‘விலக்கு’ கொடுத்ததாக ஏதோ எழுதியிருக்கிறது. அது என்ன?

அது உங்களுக்குக் கிடைத்த புதையல். மாமன் மகள், அத்தை மகள் நமக்கு முறைப்பெண். திருச்சபைச் சட்டத்தில் அது நெருங்கிய இரத்த உறவு. அந்தக் கல்யாணத்துக்கு ஆயரிடமிருந்து விலக்கு வாங்க வேண்டும். சாமியார் அந்த விலக்கைப் புத்தகத்தில் குறித்து வைப்பார். ‘இரண்டாம் பாகை இரத்த உறவு’ என்றால் உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள், அதாவது மணமக்களின் தாத்தா பாட்டி ஒரே ஆட்கள். ‘இரண்டாம் பாகை, முதலாவதைத் தொட்டது’ என்றால் தாய்மாமன் அக்காள் மகளைக் கட்டியது. ‘மூன்றாம் பாகை’ என்றால் ஒரு தலைமுறை மேலே போக வேண்டும். 1918-க்கு முன் நாலாம் பாகை வரைக்கும் விலக்கு தேவைப்பட்டதால் பழைய பதிவுகளில் இன்னும் தூரத்து உறவும் தெரியவரும்.

உறவு எப்படி என்று காட்டப் பங்கில் கிளைப்படம் வரைந்து விண்ணப்பத்தோடு சேர்ப்பது வழக்கம். அந்தத் தாள் கிடைத்தால் மூன்று தலைமுறை ஒரே தாளில் கிடைத்த மாதிரி. ஆகவே பதிவேட்டோடு நிறுத்தாமல், திருமணக் கோப்பு இருக்கிறதா என்றும் பணிவாகக் கேளுங்கள்.

இன்னொன்று: 1908 முதல், ஒருவர் எங்கே கல்யாணம் செய்தாலும் அவருடைய ஞானஸ்நானப் பதிவின் ஓரத்தில் அதைக் குறிக்க வேண்டும் என்ற விதி வந்தது. பினாங்கில் கல்யாணம் செய்தவரின் விவரம் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பங்குக்குக் கடிதமாகப் போக வேண்டும். எல்லாச் சாமியார்களும் ஒழுங்காகச் செய்யவில்லை. செய்த இடத்தில், ஊர்ப் பதிவேட்டின் ஓரத்தில் ‘பினாங்கு’ என்ற சொல்லைப் பார்க்கும் பாக்கியம் உண்டு.

ஜப்பான்காரன் காலத்துப் பதிவுகள் ஏன் இவ்வளவு குறைவாக இருக்கின்றன?

1941 டிசம்பர் 11-ல் ஜார்ஜ் டவுனில் குண்டு விழுந்தது. அதற்கப்புறம் குடும்பங்கள் சிதறின. 1942-லும் 1943-லும் சயாம் ரயில் வேலைக்குத் தோட்டங்களிலிருந்து ஆண்களை வண்டி வண்டியாகக் கொண்டுபோனார்கள். அங்கே காலராவிலும் பட்டினியிலும் இறந்தவர்களை எந்தப் பங்கும் எழுதவில்லை. உங்கள் குடும்பத்தில் ஒருவர் 1942-க்கு முன் பதிவில் இருந்து, பின்னால் எங்குமே இல்லை என்றால், இந்தச் சாத்தியத்தை மனதில் வைத்துத் தேடுங்கள். அவருடைய மனைவி போருக்குப் பின் மறுமணம் செய்திருந்தால், முதல் கணவர் இறந்தது உறுதி என்று காட்ட, ரயில் வேலையிலிருந்து திரும்பியவர்களின் சாட்சியத்தை வாங்கியிருக்கக்கூடும். 1946-லிருந்து 1950 வரையிலான கைம்பெண் திருமணங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

தாத்தா இந்துவாக வந்து இங்கேதான் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தார். அப்படியானால்?

அப்போது ஞானஸ்நானப் பதிவில் பழைய பெயரும் பெற்றோரின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். ஊர்ப் பங்கில் தேடிப் பயனில்லை. குலதெய்வம், ஊர் எல்லை, தமிழ்ப் பள்ளி சேர்க்கைப் பதிவு, ஜேபிஎன் (தேசியப் பதிவுத் துறை) பிறப்பு இறப்புப் பதிவு என்ற வழிதான். கூட்டத்தைத் தேடும் முறை மட்டும் இங்கேயும் பொருந்தும்.

லுத்தரன், ஆங்கிலிகன், மெத்தடிஸ்ட் குடும்பங்களுக்கு?

முறை ஒன்றுதான். பதிவு ஆங்கிலத்திலோ தமிழிலோ இருப்பதால் வேலை எளிது. திருநெல்வேலிப் பக்கத்து ஆங்கிலிகன் சபைகள் 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையில் (சி.எஸ்.ஐ.) சேர்ந்தன என்பதால் அங்கே சி.எஸ்.ஐ. பேராயத்தைக் கேட்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஊர்ப் பெயர் தெரிந்துவிட்டது. அங்கே எந்தப் பங்கு?

இன்றைய பங்கை வைத்து முடிவு செய்யாதீர்கள். இன்று தனிப் பங்காக இருக்கும் ஊர் அன்று கிளை ஊராக இருந்திருக்கும். பழைய புத்தகம் தாய்ப் பங்கில் கிடக்கும். மறைமாவட்டமும் மாறியிருக்கும். தனி மறைமாவட்டமான ஆண்டுகள்: திருச்சி 1886, கும்பகோணம் 1899, சேலம் 1930, தஞ்சாவூர் 1952.

தஞ்சைப் பக்கத்தில் இன்னொரு சிக்கல்: போர்த்துகல் அரசரின் உரிமைக்கு உட்பட்ட மயிலாப்பூர் மறைமாவட்டத்துக் கோயில்களும், ரோமாபுரி நேரடியாக அனுப்பிய மிஷன் கோயில்களும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒரே ஊரில் அண்ணன் குடும்பம் ஒன்றிலும் தம்பி குடும்பம் இன்னொன்றிலும் இருந்திருக்கலாம். ஒரு கோயிலில் இல்லை என்றால் அடுத்ததையும் கேளுங்கள்.

அங்கே பதிவில் சாதி எழுதியிருக்குமா?

சில புத்தகங்களில் எழுதியிருக்கும். தோட்டத்துக்கு வந்த குடும்பங்களில் பல, சேரியிலிருந்து வந்தவை. கோயிலுக்குள்ளேயே தனி இடம், தனிக் கல்லறை என்று ஒதுக்கப்பட்டவை. அந்தச் சொல் பதிவில் இருப்பதைக் கண்டு வெட்கப்பட உங்களுக்கு ஒன்றும் இல்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் ஒதுக்கியவர்கள். இருந்ததை இருந்தபடி எழுதி வையுங்கள். உயிரோடு இருக்கும் உறவினர்களைக் கேட்காமல் அதை வெளியில் போடாதீர்கள். ஊருக்குப் போகும்போது எந்தத் தெருவில் விசாரிப்பது என்று தெரிந்துகொள்ளவும் அந்தத் தகவல் உதவும்.

பங்கு அலுவலகத்தில் புத்தகத்தைக் காட்ட மறுத்தால்?

மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. தத்துப் பிள்ளை, தகப்பன் பெயர் தெரியாத பிள்ளை என்று பிறர் வீட்டு இரகசியங்களும் அதே பக்கத்தில் இருக்கின்றன. முன்கூட்டியே கடிதம் எழுதுங்கள்: யாரைத் தேடுகிறீர்கள், உங்களுக்கு என்ன உறவு, எந்த வருடங்கள். திருவிழா வாரத்திலும் தவக்காலக் கடைசியிலும் போகாதீர்கள். அனுமதி இல்லாமல் போட்டோ எடுக்காதீர்கள்.

சான்றிதழ் மட்டும் கொடுத்தால், அதில் சில கட்டங்கள்தான் இருக்கும். ஓரக் குறிப்புகள் வராது. “முழு வரியையும், ஓரத்தில் இருப்பதையும் அப்படியே எழுதித் தர முடியுமா, ஃபாதர்?” என்று கேளுங்கள். இப்படிக் குறிப்பாகக் கேட்கிறவர்களுக்கு மனம் இரங்கி உதவுவதைப் பார்த்திருக்கிறேன்.

எவ்வளவு தூரம் பின்னால் போகலாம்?

பல குடும்பங்களுக்கு 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சம்தான் எல்லை. அந்தப் பஞ்சத்திலும் அதை அடுத்த வருடங்களிலும் ஊர் ஊராக, சேரி சேரியாக ஞானஸ்நானம் பெற்றார்கள். அப்படி ஒரு ‘அதுல்துஸ்’ பதிவில் போய் நின்றால், அதற்கு முன் கோயில் புத்தகத்தில் ஒன்றும் இராது. மீன்பிடி ஊர்களுக்கும் பழைய மதுரை மிஷன் ஊர்களுக்கும் இன்னும் பின்னால் போக முடியலாம்.

கண்டுபிடித்ததை எப்படி எழுதி வைப்பது?

ஒவ்வொரு வரிக்கும் கோயில், புத்தகத்தின் பெயர், வருடம், பக்கம், வரிசை எண் இவற்றைக் குறியுங்கள். பெயரை முதலில் பதிவில் இருக்கும் எழுத்திலேயே எழுதி, பக்கத்தில் வீட்டில் கூப்பிட்ட பெயரைப் போடுங்கள். ஊகத்தை ஊகம் என்றே எழுதுங்கள். தோட்டம் முழுவதற்கும் எடுத்த பட்டியலை, பாதிரியார் சம்மதித்தால், பங்கு அலுவலகத்திலேயே ஒரு படி கொடுத்து வையுங்கள். உங்கள் தாத்தாவின் பக்கத்து லயத்துக் குடும்பம் அடுத்த மாதம் அதே கேள்வியோடு வரலாம்.